சத்தம் சார்

கவரைப்பேட்டையில் ரயில் கிளம்பியதும் சாம்சன் தவளையாகிவிடுகிறான். கன்னங்கள் உப்புகின்றன, கண்கள் பிதுங்குகின்றன, மடியில் இரண்டு கைகளும் தத்தித் தத்தி ஒரு குளத்தைத் தாண்டுகின்றன. வாய் அசைகிறதே தவிரச் சத்தம் வருவதில்லை. பொன்னேரி போய்ச் சேர்வதற்குள் தவளை கொக்காகி, கொக்கு மழையாகி, மழை ஓய்ந்து வெயிலும் அடித்துவிடும். எதிர் சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: "இன்னாப்பா, வலிப்பு கிலிப்பு எதுனா இருக்குதா?"

"இல்லக்கா, பரீட்சைக்குப் படிச்சிகினு இருக்கேன்" என்றான்.

அது நிஜம். தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆவதற்கான நான்கு வருடப் பட்டப் படிப்பில் அவனுக்கு இது மூன்றாம் வருடம். வகுப்பு முழுக்கப் பெண்கள். இவன் ஒருவன்தான் ஆண். அவர்களுக்கெல்லாம் "சாம்சன் அண்ணா". கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். முன்னங்கைகளில் முன்பு வேலை பார்த்த இரும்பு மில்லில் வாங்கிய சூட்டுத் தழும்புகள். அந்தக் கைகளால் அவன் காகிதத்தில் பட்டாம்பூச்சி வெட்டினால் அது பெரும்பாலும் வௌவாலாகத்தான் வந்து நிற்கும். அதையும் தூக்கிப் போடாமல், "பரவால்ல, வௌவாலுக்கும் ஒரு பாட்டு இருக்குது" என்பான். சட்டைப் பையில் எப்போதும் சோடா மூடிகள் குலுங்கும். டீக்கடைகளில் கேட்டு வாங்கியவை. கூட்டல் கழித்தலுக்கு உதவும்.

பிள்ளைகளுக்கு ஆடிக் காட்ட வேண்டிய பாட்டை ரயிலில் சத்தமில்லாமல் பழகுவதற்குக் காரணம் அவனுடைய குரல். பிளஸ் டூ முடித்த கையோடு கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் சேர்ந்தவன். பழுக்கக் காய்ச்சிய கம்பி சீறிக்கொண்டு வரும் இடத்தில் பக்கத்தில் நிற்பவனிடம் பேசுவதென்றாலும் கத்தத்தான் வேண்டும். மில்லை விட்டு வந்த பிறகும் அந்தக் குரல் இவனை விடவில்லை. போன் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் பாஸ்டரே ஒருமுறை, "தம்பி, கர்த்தர் கிட்டக்கதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டார்.

கொரோனா சமயம் மில் மூடிக் கிடந்தபோது தெருப் பிள்ளைகள் அவன் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தார்கள். பொழுது போகாமல் எழுத்துச் சொல்லிக் கொடுத்தான். ஒரு சின்னப் பெண் 'பட்டம்' என்று தானாகவே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, தான்தான் படித்தோமா என்று சந்தேகத்தோடு அவனை நிமிர்ந்து பார்த்துச் சிரித்திருக்கிறாள். மில் திறந்ததும் இவன் வேலைக்குப் போனான், மனசு போகவில்லை. "டன் கணக்குல கம்பி இழுத்துருக்கேன். ஒரு கம்பியும் என்னப் பாத்து சிரிச்சதில்ல" என்பான், ஏன் வேலையை விட்டாய் என்று கேட்பவர்களிடம்.

அவன் அம்மா மேரிக்கு இந்தப் பதில் போதவில்லை. அட்டைப்பெட்டி கம்பெனியில் பேக்கிங் வேலை செய்து வீட்டை ஓட்டுகிறவள் அவள். "பொண்ணு ஊட்டுக்காரங்க மாப்ள இன்னா பண்றாருன்னு கேக்கறாங்க நைனா. தவள பாட்டு பாடி ஆடறாருன்னா சொல்றது?"

"ஆமாம்மா. நல்லா ஆடறாருன்னு சொல்லு."

இப்படி எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளுகிறவனால் ஒரே ஒருமுறை சிரிக்க முடியாமல் போனது, இந்த வருடக் கற்பித்தல் பயிற்சியின்போது. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பைக் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் உள்ளே நுழைந்தவன் ரயிலில் பழகியதையெல்லாம் மறந்துவிட்டு, மனம் நிறைய, "வணக்கம் செல்லங்களா" என்றான். கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. பிள்ளைகள் உறைந்து போனார்கள். முன் வரிசையில் அமிர்தா என்ற சிறுமி வீறிட்டு அழுதுகொண்டு மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

தலைமையாசிரியை ஜோதிலட்சுமி ஓடி வந்தார். "தம்பி, பக்கத்து ஊரு ஸ்கூலுக்கும் சேத்து நீங்களே பாடம் எடுக்கறீங்க போல" என்று சிரித்தபடி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் அமிர்தா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. இந்தமுறை ஜோதிலட்சுமி சிரிக்கவில்லை. "சத்தம் சார் இருக்காரு, ஸ்கூலுக்குப் போவமாட்டேன்னு அடம் புடிக்குதாம். என்ன செய்யறதுன்னு பாருங்க தம்பி."

அன்று திரும்பும் வண்டியில் தவளை இல்லை, கொக்கு இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைக்கத்தானே இந்தப் படிப்பு, நான் ஒரு பிள்ளையை விரட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று நினைத்தான். மில்லில் இன்னும் ஆள் எடுக்கிறார்கள் என்பதும் ஞாபகம் வந்தது.

மறுநாள் பள்ளி விட்டதும் அமிர்தாவின் வீட்டைத் தேடிப் போனான். தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் ஓர் அறை. கதவைத் தட்டக் கை ஓங்கியபோதே அமிர்தாவின் அம்மா வெளியே வந்து உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவா சார். அவருக்கு நைட் ஷிஃப்ட்டு. தூங்கிகினு இருக்காரு."

உள்ளே கொடியில் கட்டிய சேலைக்கு அந்தப் பக்கம் அவள் கணவர் வசந்தகுமார் தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்பில் குக்கர் விசில் எழும்பும் நேரம் பார்த்து அவள் போய் அணைத்துவிட்டு வந்தாள். மூலையில் டி.வி. ஓடியது, அதில் ஒரு பூனை எலியைத் துரத்தியது, சத்தமே இல்லாமல். அதன் எதிரே அமிர்தா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாம்சனுக்கு விஷயம் விளங்கியது. இந்த வீட்டில் பகல் முழுக்க யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பிறந்ததிலிருந்து இந்தக் குழந்தைக்கு வீடு என்றால் ரகசியக் குரல்தான்.

அவன் வாசலிலேயே குந்தினான். பேசப் பயமாக இருந்தது, தெரிந்ததைச் செய்தான். கன்னத்தை உப்பி, கண்ணைப் பிதுக்கி, சத்தமில்லாமல் தவளையானான். அமிர்தா அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தாள். தவளை குளத்தைத் தாண்டி முடித்ததும் காற்றுப் போலச் சொன்னாள்:

"தவளன்னா நாக்கு நீட்டணும்."

"எப்டி?" சாம்சனும் காற்றாகவே கேட்டான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அவள் நாக்கை நீட்டி ஒரு பூச்சியைப் பிடித்துக் காட்டினாள்.

"நாளைக்கு வந்து எல்லாருக்கும் இத காட்றியா?"

அவள் யோசித்தாள். "கத்துவியா?"

"மாட்டேன்."

மறுநாள் அமிர்தா வந்தாள். சாம்சன் ரகசியக் குரலில் பாடத்தை ஆரம்பித்தான். இரண்டாம் வாக்கியத்திலேயே மில் குரல் எட்டிப் பார்க்க, தானே தன் வாயைப் பொத்திக்கொண்டான். பிள்ளைகள் சிரித்தார்கள், அமிர்தாவும் சிரித்தாள். மெதுவாகப் பேசப் பேச அவர்கள் முன்னால் சாய்ந்தார்கள், பிறகு பெஞ்சை விட்டு இறங்கி அவனைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். ஆளே இல்லையோ என்று பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பாடத்தை மேற்பார்வையிடக் கல்லூரியிலிருந்து வைதேஹி மேடம் வந்தார். திருவள்ளூர்க்காரர், கல்லூரி வகுப்பில் இவன் பேசினாலே கடைசி பெஞ்சுக்கு நகர்ந்துகொள்பவர். அந்தப் பழக்கத்தில் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்தார். வெளியே லாரி போனது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். கடைசியில் நாற்காலியை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, தவளை நாக்கை நீட்டும்போது தானும் நீட்டினார்.

"பாடம் நன்னா இருந்தது சாம்சன்" என்றார் முடிவில். "ஆனா குரலுக்கு மார்க் குறைச்சிருக்கேன். சுத்தமாக் கேக்கலை. காலேஜ்ல காதைப் பொத்திண்டேன், இங்கே காதைத் தீட்டிண்டேன். நடுவுல ஒண்ணு இருக்கு, அதைப் பிடிங்கோ."

வீட்டில் இதைச் சொன்னபோது மேரிக்கு நம்ப முடியவில்லை. "குரல் பத்தலன்னாங்களா? ஒனக்கா?" என்று கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பயிற்சியின் கடைசி நாள் மாலை, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் ஸ்டேஷன் பஸ்ஸுக்கு நின்றான் சாம்சன். இடையில் கம்பி ஏற்றிய லாரிகள் இரைந்துகொண்டு போயின. பள்ளி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அமிர்தா உதட்டை அசைத்தாள். லாரி போனது. மறுபடியும் அசைத்தாள். பிறகு கண்ணை இறுக மூடி, கழுத்து நரம்பு புடைக்க, "சார்" என்று கத்தினாள். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சாம்சனுக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் அவன் ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொண்டு, அவள் பக்கமாகத் தலையைச் சாய்த்தான்.