கம்பி தானாக வளைந்தால்

ஐம்பதை நெருங்கும் இந்த முதுகு காலையில் நிமிர்வதற்குள் காபி ஆறிவிடுகிறது. அப்போதெல்லாம் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் ஞாபகம் வரும். பெண்ட், போ. இந்த முதுகுக்கு எது பொருந்தும் என்பது இன்னும் முடிவாகவில்லை.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும், குடவாசல் பக்கம் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷங்கள் அவை. கூத்தாநல்லூரில் துபாய்க்கு ஆள் அனுப்பும் பாய் ஒருவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தேன். கான்கிரீட் போடுமுன் கம்பி கட்டும் வேலை, மெட்ராஸில் டெஸ்ட். தேறாவிட்டால் மறுபடி வெடித்த வயலைப் பார்த்து நிற்க வேண்டியதுதான்.

"இதை மட்டும் மறக்காதீங்க தம்பி," என்றார் பாய். "நாம வேணும்னு வளைச்சா பெண்ட். பாரம் தாங்காம கம்பி தானா வளைஞ்சா போ. கண்டிப்பா கேப்பாங்க."

"போன்னா, வீட்டுக்குப் போகச் சொல்றதுங்களா பாய்?"

"இந்த நக்கலை இங்கயே வச்சிட்டுப் போங்க."

மெட்ராஸ் பஸ் ஏறியதிலிருந்து இரண்டு வார்த்தைகளையும் முணுமுணுத்தேன். பக்கத்து சீட்டுக்காரர், "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?" என்றார். நெய்வேலி தாண்டுவதற்குள் இரண்டும் இடம் மாறிவிட்டன.

டெஸ்ட் எடுப்பவர் ஒரு நீளக் கம்பியை இரண்டு பேரை விட்டு முனைகளில் தூக்கச் சொன்னார். நடுவில் அது தொய்ந்தது. "வாட் இஸ் திஸ்?" என்றார். என் நாக்கு அதைவிட நன்றாகத் தொய்ந்தது.

"கம்பி சார்," என்றேன்.

வரிசையே சிரித்தது. அவர் சிரிக்காமல், தரையில் பரப்பியிருந்த கம்பிகளைக் கட்டச் சொன்னார். மற்றவர்கள் தாங்கள் கட்டியதையே மிதித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார்கள். நான் மட்டும் பயத்தில், அம்மாவோடு நடவுக்குப் போன பழக்கத்தில், இடுப்பை ஒடித்துக் குனிந்து, முடிச்சுப் போட்டபடி பின்னாலேயே நகர்ந்தேன். நட்டதை மிதிக்கக் கூடாதல்லவா. போய் முட்டியது அவர் மேல்தான்.

தொலைந்தேன் என்று, நிமிராமலே சாரி சொன்னேன்.

"இவ்ளோ நேரம் நிமிரவே இல்லையே, வலிக்கலையா?"

"பழக்கம் சார்."

தன்னோடு வந்திருந்த கம்பெனிக்காரரிடம், "இவன எடுத்துக்குங்க," என்றார்.

ஊர் திரும்பியதும் பாய் கேட்டார். "என்ன சொன்னீங்க, பெண்டா, போவா?"

"ரெண்டும் வாயில வரலைங்க. முதுகைப் பாத்துட்டு எடுத்துட்டாங்க."

பாய் தாடியைத் தடவிக்கொண்டார்.

"அப்ப சரி. அங்க அதுதான் தம்பி வேணும்," என்றார்.