அவஸ்தை ஆயிடுச்சு

என் வீட்டுக்காரருக்குத் தாடையில் புற்று. பிரேசர் டவுன் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். காலையும் மாலையும் கம்பவுண்டர் வந்து மார்பியா ஊசி போடுவார். போட்டதும் கண்மணி கடுகாகச் சுருங்கும், முகம் இளகும். ஆனால் பாழாய்ப்போன அந்த மருந்துக்கு உடம்பு பழகிக்கொண்டே வந்தது. முன்பு ராத்திரி முழுக்கத் தாங்கிய அளவு இப்போது பாதி ராத்திரிகூடத் தாங்கவில்லை. கூட்டிப் போடுங்கள் என்றால், மூச்சு மந்தமாகிவிடும் என்று டாக்டர் பயந்தார்.

ஒருநாள் கோயிலிலிருந்து சாமியார் வந்து அவருக்கு அவஸ்தை பூசிவிட்டுப் போனார். சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பதை எங்கள் கிறிஸ்தவ வேதத்தில் அப்படித்தான் சொல்வோம். மறுநாள் காலை, ஊசி போட்டு அவர் தூங்கும் நேரத்தில் டாக்டர் வந்திருக்கிறார். நான் கடைக்குப் போயிருந்தேன். மாமியார்தான் வீட்டில்.

டாக்டர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். "அவஸ்தை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாராம்.

"அவஸ்தை நேத்தே ஆயிடுச்சுங்க" என்றாராம் மாமியார்.

பட்ட பாடு தீர்ந்தது என்று டாக்டர் நினைத்துவிட்டார். வலியில்லாத உடம்பில் மார்பியா ஏறினால் மூச்சை அமுக்கிவிடும் என்று, சாயங்கால ஊசியை நிறுத்தும்படி கம்பவுண்டரிடம் சொல்லிவிட்டுக் கோலாருக்குப் போய்விட்டார்.

மாலையில் இவர் துடிக்க ஆரம்பித்தார். கம்பவுண்டர் வீட்டுக்கு ஓடினேன்.

"வலி போயிடுச்சாமே அக்கா? டாக்டர் வேணாம்னுட்டாரே."

"யாருய்யா சொன்னது? வந்து உன் கண்ணால பாருய்யா!"

வந்து பார்த்தார், கண் கலங்கினார். ஆனால் டாக்டர் சொல்லாமல் விஷ மருந்தைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். திட்டித் தீர்த்தேன். என்ன பிரயோஜனம்? "ஐயோ, எண்ணெய் பூசினதைத்தானே சொன்னேன்" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். விடியும்வரை என் வீட்டுக்காரர் அலறியதைக் கேட்டுக்கொண்டு கிடந்தோம். அப்படியொரு கையாலாகாத்தனத்தை எதிரிக்கும் ஆண்டவர் கொடுக்க வேண்டாம்.

மறுநாள் டாக்டர் வந்தபோது அலறலும் ஓய்ந்து, வெறும் முனகல்தான் மிச்சம். நாடி பிடித்தவர், நடந்ததைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"உடம்பு ரொம்பத் தளர்ந்துடுச்சும்மா. இப்ப ஊசி போட்டா வலி அடங்கும். மூச்சும் நின்னுடலாம். போடட்டுமா?"

என்னைப் போய்க் கேட்கிறாரே! கட்டிலில் கிடந்தவர் என்னையே பார்த்தார். அவர் சட்டைக் கையை நானே மேலே சுருட்டிவிட்டேன்.