டீச்சர் பார்த்த படம்

நேற்று டிவியில் யாரோ ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைப் படமாகப் போட்டார்கள். குடித்துக் கெட்டுப்போன புருஷனை வெளியே தள்ளி மனைவி கதவைச் சாத்துகிறாள். "இவல்லாம் ஒரு பொம்பளையா அத்தே" என்றாள் மருமகள். "நீ போயிப் பாத்தியாக்கும்?" என்று நான் சீறியதில், காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் முன்கோபக்காரிதான். ஆனால் இந்தக் கோபத்துக்கு எழுபது வயசாகிறது.

அப்போது சங்கரன்கோவில் டூரிங் டாக்கீஸில், பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிப்பது என் வேலை. வேலை என்று பெருமையாகச் சொல்கிறேன், பாதி நேரம் படம்தான் பார்த்தேன். ஆட்டத்துக்கு முன்னால் தரை மணலில் தண்ணீர் தெளிப்பார்கள். அந்த ஈர வாசனை எனக்கு இன்னும் பிடிக்கும். தரை டிக்கெட் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தில் கெட்டவள் வந்தால் மண்ணை வாரித் திரையைப் பார்த்துத் தூற்றுவார்கள். அது எங்கே திரைக்குப் போகும்? முன்னால் இருப்பவள் கொண்டையில் விழும். அதற்குத் தனியாக ஒரு சண்டை நடக்கும்.

ஒரு ஆடித்தபசுத் திருவிழா சமயம், பேர்பெற்ற எழுத்தாளர் ஒருவரின் கதை படமாக வந்தது. ஊரே தலையில் வைத்து ஆடிய மனிதர் குடியில் விழுகிறார், மனைவி விரட்டுகிறாள், சத்திரத்தில் அநாதையாகச் சாகிறார். அவருடைய நிஜ மனைவி எங்கள் தெருவில்தான் இருந்தார். மெட்ராஸிலிருந்து வந்த தையல் டீச்சர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். படம் வந்ததும் என்னிடம் மட்டும் ஒருநாள், மெஷின் பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நான் விரட்டலடி. சாகற வரைக்கும் அவருக்குக் கஞ்சி ஊட்டுனது நான்தான்."

படத்தைப் பார்த்த ஊருக்கு அவர் யாரென்று தெரிந்தால் தையலுக்கு ஒரு பிள்ளை வராது, வாடகை வீடும் போய்விடும். டீச்சருக்கு வீடு விட்டிருந்த அக்கா ஒருநாள் சாயங்கால ஆட்டத்துக்கு அவரையும் இழுத்து வந்துவிட்டாள். "தலவலின்னு சொல்லிட்டுப் போயிருங்க டீச்சர்" என்று காதில் கெஞ்சினேன். "டிக்கெட்டக் கிழி" என்றார்.

கதவு சாத்துகிற காட்சி வந்தது. "கட்டையில போவா" என்று நாலு பக்கமும் மண் பறந்தது. எனக்கு இருப்புக்கொள்ளாமல் வாசலை விட்டுவிட்டு டீச்சர் பக்கத்தில் போய்க் குந்தினேன். அக்கா ஒரு கை மணலை அள்ளி டீச்சர் கையில் திணித்தாள். "என்ன டீச்சர், பேயறஞ்சாப்புல இருக்கீய? தூத்துங்க."

டீச்சர் மூடிய கையோடு அப்படியே இருந்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். தையலுக்கு வரும் பிள்ளைகளின் அம்மாக்கள் இரண்டு பேர் திரும்பினார்கள். டீச்சர் எழுந்து நின்றார். சொல்லிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

வீசினார். "நாசமாப் போ" என்றார், தெளிவாக.

"அப்படிப் போடுங்க" என்று அக்கா சிரித்தாள்.

வீடு திரும்பும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. "உண்மையச் சொல்லிருக்கலாம்லா?" என்றேன்.

"யாரு நம்புவாங்க? படமே வந்துடுச்சே."

டீச்சர் அதே வீட்டில் பல வருஷம் இருந்து, நல்ல பேரோடு போய்ச் சேர்ந்தார். டாக்கீஸ் இருந்த இடத்தில் இப்போது விசைத்தறி ஓடுகிறது. அந்தப் படம் எங்கேயும் கிடைக்கவில்லை. எழுத்தாளர் பேரைச் சொன்னால் மருமகளுக்குத் தெரியவில்லை. இனி நான் தைரியமாகச் சொல்லலாம், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அக்காவிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். அவளும் போய் வெகுகாலம் ஆகிவிட்டது.