முதுகில் போட்ட பெருக்கல் குறி

திருநகர் பக்கம், பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஆபத்து என்றால் பிள்ளையின் முதுகில் விரலால் பெரிதாகப் பெருக்கல் குறி போட வேண்டும். 'எதுவும் கேட்காதே, உடனே கிளம்பு' என்று அதற்குப் பொருள். உதவியாளர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் போட்டு நன்றாகவே பழகியிருந்தார்கள்.

போன வருடம் ஒரு நாள் சமையலறையில் கேஸ் கசிந்தது. பக்கத்து அறையில் சிறுமி நஸ்ரின் மணி கோத்துக்கொண்டிருந்தாள். புதிதாகச் சேர்ந்திருந்த பாண்டியம்மா ஓடிப்போய் அவள் முதுகில் குறி போட்டாள். நஸ்ரின் கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். பாண்டியம்மா மறுபடி போட்டுவிட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். நஸ்ரினின் சிரிப்பு நின்றது. மேசைக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்ன மாதிரித்தானக்கா போட்டேன். வர மாட்டேங்குதே" என்று பின்னாலேயே ஓடிவந்த என்னிடம் பாண்டியம்மா அழுதாள்.

இருவருமாக அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். என் கையைக் கடித்துவிட்டாள். நல்லவேளையாக விபத்து எதுவும் நடக்கவில்லை. ஆனால் யாரோ தன்னை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும். அதன் பிறகு வெகுநாள் எங்களில் யாரையும் அவள் தன் கையைத் தொட விடவில்லை.

குறியை உதவியாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நான், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

இப்போது பயிற்சியைப் பிள்ளைகளிடமிருந்துதான் தொடங்குகிறேன். புதிதாக வருபவரின் கண்ணைக் கட்டி, காதை அடைத்து உட்கார வைப்போம். நஸ்ரின் அவர் முதுகில் குறி போட்டு வாசல் வரை இழுத்துப் போவாள். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இழுக்கிறாள். மெதுவாக இழு என்று நான் சொல்வதில்லை.