பாமசி விலாசத்தில் குடியிருப்பவர்கள்

போன மழைக்காலம், கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்துக்குள் இருக்கும் பாலர் பாடசாலை அறையில், சின்னப் பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் மடக்கி உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு யோசனை எனக்குள் விழுந்தது. தோட்டம் என்றதும் மரம் செடியை நினைக்காதீர்கள். ஒரே ஒழுங்கைக்குள் நெருக்கியடித்த வீடுகள். வெளியாட்கள் சிங்களத்தில் 'வத்த' என்பார்கள், சொல்லும்போதே மூக்குச் சுருங்கும்.

நான் வெள்ளவத்தை, கொழும்பின் வசதியான பக்கம். சட்டம் படிக்கிறேன். சமத்துவ உரிமை பற்றி அங்கிருந்த பெண்களுக்கு விளக்கப் போயிருந்தேன். இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம், இவற்றைக் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்று அரசியலமைப்பை ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். தலையாட்டினார்கள்.

நடுவில் ஒருத்திக்குப் போன் வந்தது. என் வயதுதான் இருக்கும். வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் காசாளர் வேலைக்கு நேர்முகம் போய்விட்டு, அந்த அழைப்புக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாளாம். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்றது ஒரு பெண் குரல். அன்பான குரல், எங்கள் வீட்டில் கதைக்கிற அதே தமிழ். பதிந்துகொள்ள விலாசத்தை மட்டும் கேட்டது. பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர் வீதிப்பக்கம் கையைக் காட்டிக் காட்டி ஏதோ சைகை செய்தார். இவள் காணாத மாதிரி இருந்துகொண்டு தோட்டத்தின் பெயரையே சொன்னாள். இந்த முறை பொய் சொல்வதில்லை என்று முதலே முடிவெடுத்திருந்தாளாம்.

அந்தக் குரல் திரும்பக் கேட்டது.

"தோட்டத்துக்குள்ளயோ பிள்ளை?"

"ஓம் மிஸ்."

"அப்ப முதலாளியோட ஒருக்கா கதைச்சிட்டுத் திரும்ப எடுக்கிறன்."

அவ்வளவுதான். ஏச்சில்லை, ஒரு கடும் சொல் இல்லை. ஒரு நிமிடத்துக்கு முன் இருந்த வேலை போய்விட்டது. அதைவிட அதிர்ச்சி, அந்த அறையில் வேறு யாரும் அதிரவில்லை!

"லூசு, பாமசி நம்பரச் சொல்லியிருக்கலாமே" என்று அந்த அக்கா ஏசினார். பிறகுதான் விளங்கியது. பெரிய வீதியில் உள்ள பாமசியின், அந்த மருந்துக்கடையின், இலக்கத்தைத்தான் தோட்டமே தன் விலாசமாகக் கொடுக்கிறது. சனத்தொகை கணக்கெடுக்க வந்தால் அந்தப் பாமசிக்குள் தோட்டம் முழுக்கப் படுத்திருக்கும் என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நான் பொறந்தது ஆஸ்பத்திரியில. அதுல அவங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. இருக்கிற இடந்தான் பிரச்சின. அதுக்கு உங்க சட்டத்துல என்னா சொல்லு இருக்கு?"

நான் ஒப்புவித்ததை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். இல்லை. அப்படி ஒரு சொல் இருந்திருந்தாலும் அந்த உரிமை அரசாங்கத்தைத்தான் கட்டும், புடவைக்கடையைக் கட்டாது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. புதிதாக ஒரு சமத்துவச் சட்டம் கேட்போம், அது கடை கம்பனிகளையும் கட்டட்டும், வறுமை என்ற சொல்லும் அதில் இருக்கட்டும் என்று படபடவென்று சொல்லிக்கொண்டே போனேன்.

ஏசிய அக்கா என்னை நிறுத்தினார். "வறுமைன்னு எழுதாதீங்க மகள். நாங்க வேல செஞ்சு சாப்பிடுறோம். சட்டத்துலயும் எங்களப் பிச்சக்காரங்க ஆக்கிறாதீங்க."

எனக்கு அடுத்த அடி அது. சரி, 'சமூக பொருளாதார நிலை' என்று போடலாமா என்றேன். அது யாருக்கு விளங்கும் என்று கேட்டார்கள்.

கடையிலிருந்து இதுவரை அழைப்பு வரவில்லை. அவள் இப்போது ஜிந்துப்பிட்டிப் பக்கம் வேறு வேலை கேட்டிருக்கிறாள், அங்கேயும் தோட்டத்தின் பெயரைத்தான் சொன்னாளாம். இந்தச் சனிக்கிழமை நான் திரும்பவும் போகிறேன். ஒருவரைக் காப்பாற்ற எழுதுகிற சொல்லே அவரைக் குனிய வைத்துவிடலாம் என்று இப்போது எனக்குத் தெரியும், அதனால் அந்தச் சட்டத்துக்கான சொல்லை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிப் பார்க்கப் போகிறேன்.