சைவ வீட்டுப் பூனைக்குப் பச்சைக் கறி

திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்களில் தமிழ் பேசுகிறவர்கள், எங்களைத் தமிழ்நாட்டோடு சேர்த்துவிடுங்கள் என்று எல்லைப் போராட்டம் நடத்திக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அப்போதுதான் விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து பாறசாலைக்கு அருகே ஒரு கிராமத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தேன். வீட்டில் என் கணவர், மாமியார், நான், ஒரு பூனை. இந்த நால்வரில் அதிக மரியாதை பூனைக்குத்தான்.

அது மாமனார் வளர்த்த பூனை. அவர் நீரிழிவு நோயால் காலமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கடைசிக் காலத்தில் பாயசம், பழம், மரச்சீனிக் கிழங்கு எல்லாவற்றையும் வைத்தியர் நிறுத்திவிட்டாராம். மாமியாருக்கோ ஆக்கிப் போடாமல் கை நிற்காது. கணவருக்கு வைக்க முடியாததையெல்லாம் பூனைக்கு வைத்தார். பால்சோறு, பாயசம், நெய் விட்டுப் பிசைந்த கிழங்கு. மாமனார் போன பிறகும் அந்த உபசாரம் தொடர்ந்தது. நான் முதன்முதலில் பார்த்தபோது, மூலையில் கிடப்பது பூனையா தலையணையா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

என் கணவர் நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. பகலெல்லாம் மலையாளத்தில் மனு எழுதுவார். சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மலையாளத்தையும் சேர்த்துக் கழற்றிவிடுவார். எந்தப் போராட்டக் கூட்டமும் அவர் இல்லாமல் நடக்காது. வீட்டுக்குள் மலையாளச் சொல் வரக் கூடாது என்று ஒரு சட்டமும் போட்டிருந்தார். வாய் தவறி வந்துவிட்டால், சொன்னவர் கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கூடுதலாக இறைக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் சொல்வோம். வந்த மறுநாளே "வெள்ளம் எடுத்துட்டு வாறேன்" என்று சொல்லி, வெள்ளம் என்று சொன்ன குற்றத்துக்கு ஒரு வாளி வெள்ளம் இறைத்தேன். மாமியாரை இறைக்கச் சொல்லும் தைரியம் சட்டம் போட்டவருக்கே இல்லை. அதனால் மாமியார் வாயில் வந்த சொற்களுக்கும் என் கைதான் பதில் சொன்னது. மாமியாரோ நிறையப் பேசுகிறவர். எல்லைப் போராட்டத்தால் வேறு யாருக்கு என்ன பலன் கிடைத்ததோ, என் தோளுக்கு நல்ல பலம் கிடைத்தது.

மழை விட்ட சமயத்தில் பூனை ஓயாமல் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. கிணற்றடித் தொட்டியில் தலையைக் கவிழ்த்தால் எடுக்காது. எவ்வளவு தின்றாலும் உடம்பு வற்றிக்கொண்டே போனது. ஒருநாள் காலையில் அது தென்னை மூட்டில், மரத்தடி மண்ணில், மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. மாமியார் அதைப் பார்த்துவிட்டு அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவியளுக்கும் இப்பிடித்தான் தொடங்கிச்சு மக்கா," என்றார். "எறும்பாக்கும் முதல்ல வந்து சொன்னது."

அதுவரை அந்தப் பூனையைக் கேலி செய்துகொண்டிருந்த நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது பூனையை மட்டும் இல்லை. ஒருமுறை கைவிட்டுப் போனது அதே வழியில் இன்னொரு முறை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவர் வேலை பார்த்த வக்கீலுக்குச் சம்பந்தி முறையில் ஒரு கால்நடை டாக்டர் நெய்யாற்றின்கரைக்கு வந்து தங்கியிருந்தார். மதுரைக்காரர். பட்டாளத்துக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். பூனையைக் கடவம் என்கிற பனையோலைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டி, என் கணவர் பஸ்ஸில் கொண்டுபோனார். டாக்டர் எல்லாம் விசாரித்துவிட்டு, இது சர்க்கரைதான், ஊசியெல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் தீனியை மாற்றுங்கள் என்றாராம்.

என் கணவர் பூனையின் நோயைவிட டாக்டரின் தமிழைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். ஒரு சொல் கலப்பில்லையாம். காது குளிர்ந்துவிட்டதாம். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"சோறு, பாலு, கெழங்கு ஒண்ணும் குடுக்கப்பிடாது. இனி பச்சக்கறி மட்டும்தான். வேவிக்காண்டாம். பொடிப்பொடியா அரிஞ்சு வச்சா போரும்."

எங்கள் ஊரில் பச்சக்கறி என்றால் காய்கறி. தாய்ப்பாலோடு வந்த சொல் அது. யாருக்கும் துளி சந்தேகம் வரவில்லை. எங்கள் வீடு சைவம் என்பதைத் தெரிந்துகொண்டு வைத்தியம் சொல்லியிருக்கிறாரே என்று மாமியார் அந்த டாக்டரை வாயாரப் புகழ்ந்தார்.

அன்றிலிருந்து பூனைக்கு வெண்டைக்காய், வெள்ளரிக்காய், தடியங்காய். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தைக்கு ஊட்டுவதுபோல ஒவ்வொரு துண்டாக நீட்டுவார். பூனை துண்டைப் பார்க்கும். பிறகு அவர் முகத்தைப் பார்க்கும். பிறகு என்னைப் பார்க்கும். இவருக்கு என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்பதாகவே எனக்குத் தோன்றும். பசி பொறுக்காமல் கொஞ்சம் வெள்ளரிக்காயை நக்கிவிட்டு எழுந்து போய்விடும்.

போன இடம் வேலிக்கு அந்தப் பக்கம். அங்கே ஒரு மாட்டுவண்டிக்காரர் குடியிருந்தார். கிறிஸ்தவக் குடும்பம், வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள். இந்த ஊர் மலையாளத்தோடேயே கிடக்கட்டும் என்று டீக்கடையில் அவர் சொன்னது காதுக்கு வந்ததிலிருந்து என் கணவர் அவரோடு பேசுவதை விட்டிருந்தார். பூனை தன் வீட்டு மத்திமீன் சட்டியை நக்கிவிட்டுப் போகிறது என்று அவர் வேலிக்கு வந்து சொன்னபோது, என் கணவர் தென்னை உச்சியைப் பார்த்துக்கொண்டு, "எங்கள் வீட்டுப் பூனை சைவம்" என்று மேடைத் தமிழில் பதில் சொன்னார். வண்டிக்காரர் பூனையைப் பார்த்தார். அது மீசையை நக்கிக்கொண்டிருந்தது.

பூனைக்கு அந்த வழியையும் அடைப்பதற்காக மாமியார் அதைக் கயிற்றில் கட்டிப்போட்டார். பத்தியம் முறியக் கூடாதே. அதோடு அது வேகமாகத் தளர்ந்தது. ஒருநாள் பின்னங்கால்களைத் தூக்க முடியாமல் குதிகாலை ஊன்றி நாலு அடி வைத்து, அப்படியே சரிந்து படுத்துவிட்டது. என் கணவர் ஊர்வலத்துக்காகக் குழித்துறைப் பக்கம் போயிருந்தார். போராட்டத்தால் பஸ் எதுவும் ஓடவில்லை. மாமியார் யாரையும் கேட்கவில்லை. நேரே வேலியோரம் போய் வண்டிக்காரரைக் கூப்பிட்டார்.

"வண்டியக் கெட்டணும். பூச்ச சாவக் கெடக்குது."

அவர் ஏன், எதற்கு என்று கேட்காமல் காளைகளைப் பூட்டினார். வழியெல்லாம் காளைகளை மலையாளத்தில் விரட்டினார், எங்களுக்குத் தமிழில் ஆறுதல் சொன்னார்.

டாக்டர் பூனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். நீங்கள் சொன்ன கறிதான் என்றார் மாமியார். எவ்வளவு என்று கேட்டார். ஒரு நேரத்துக்கு நாலு வெண்டைக்காயும் ஒரு கீற்றுத் தடியங்காயும் என்றார் மாமியார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் கறி குடுக்கச் சொன்னேம்மா."

"கறிதான் குடுத்தோம்."

"வெண்டைக்காய்ங்கிறீங்க?"

"கறிதானே அது?"

இரண்டு பேரும் நல்ல தமிழ்தான் பேசினார்கள். ஒருவர் சொன்னது ஒருவருக்குப் புரியவில்லை. நானும் மாமியார் கட்சியில் நின்று, உப்புகூடப் போடவில்லை டாக்டர் என்று எடுத்துச் சொன்னேன். அப்போது வாசல்படியில் நின்ற வண்டிக்காரர், சிரிப்பை அடக்க வாயில் துண்டை வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். வள்ளியூர்ச் சந்தைவரை வண்டி ஓட்டுகிறவர் அவர். அங்கே சாப்பாட்டுக் கடையில் கறி கேட்டால் இலையில் என்ன விழும் என்று அவருக்குத் தெரியும்.

"அக்கா, டாக்டரு பறயுத கறி நம்ம கறியில்ல. எறச்சியாக்கும். பச்ச எறச்சி."

மதுரைத் தமிழர் சொன்ன தமிழைப் பாறசாலைத் தமிழ் வீட்டுக்கு விளக்கிச் சொல்ல ஒரு மலையாளி வேண்டியிருந்தது. டாக்டர் நாற்காலியில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். மாமியார் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் மாமியார் கடவத்தை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு வந்தார். இறைச்சிக் கடை இருக்கும் தெருவைத் தவிர்ப்பதற்காகச் சந்தைக்கே சுற்றுவழியில் போகிறவர் அவர். வண்டி அந்தத் தெரு முனைக்கு வந்தது.

"அவிய தின்னப்பிடாதத எல்லாம் இதுக்குக் குடுத்து நானே சீக்கு வரவச்சேன்," என்றார். "இப்பம் இது தின்ன வேண்டியத நான் குடுக்காண்டாமா? வண்டிய நிறுத்து."

வண்டிக்காரர் இறங்கிப் போய் தேக்கிலைப் பொதியோடு வந்தார். அதை அவர் வீட்டில் வைத்துத் துண்டுபோடுவது, வேலியோரத்தில் ஒரு கல்லில் வைத்துப் பூனைக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு ஆயிற்று. எங்கள் வீட்டுக்குள் இறைச்சி வராது. மாமியார் கல்லுக்கு முதுகைக் காட்டி, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, முணுமுணுவென்று சாமி நாமம் சொல்லுவார். நடுநடுவே "தின்னுதா?" என்று கேட்பார். நான் "தின்னுது மாமி" என்பேன். முடிந்ததும் தலைமுழுகுவார். ஒவ்வொரு வேளையும் இதுதான். தண்ணீர் இறைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் என் கணவர் கோஷம் போட்டுத் தொண்டை கட்டித் திரும்பி வந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"அப்பம் பச்சக்கறி மலையாளமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"டாக்டரு தமிழுதான் சொன்னாரு. உங்க காதுதான் மலையாளத்துல கேட்டிருக்கு," என்றேன்.

சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். அண்டா நிறைந்தது, குடம் நிறைந்தது, பூனை குடிக்கும் தொட்டியும் நிறைந்தது. நான் போதும் என்று சொல்லவில்லை. எத்தனை நாள் காத்திருந்தேன். பிறகு ஈரக் கையோடு வேலிக்குப் போனார். வண்டிக்காரரிடம், "வலிய உபகாரம்" என்று நல்ல மலையாளத்தில் சொன்னார். வண்டிக்காரர், "பூன பிழைச்சா போரும் அண்ணாச்சி" என்று தமிழில் சொன்னார். என் கணவர் திரும்பி வந்து, தன் வாயால் சொன்ன மலையாளத்துக்காக இன்னொரு வாளி இறைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். அன்றோடு அந்தச் சட்டம் போயிற்று. மாமியாரின் குளியல் தண்ணீரும் அவர் பொறுப்பாயிற்று.

பூனை ஒரேயடியாக எழுந்துவிடவில்லை. தொட்டிப் பக்கம் போவது மெல்லக் குறைந்தது. பின்னங்கால்கள் நிமிர்ந்தன. மாமியார் தினமும் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் தென்னை மூட்டுக்குப் போய்க் குனிந்து பார்ப்பார். ஒருநாள் அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஈரம் இருந்தது, ஒரு எறும்பு இல்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், சிரிக்கவும் செய்தார். அன்று பூனை தின்னும்போது அவர் கிழக்கே திரும்ப மறந்துபோனார். நான் ஞாபகப்படுத்தவில்லை.

பிறகு எல்லை பிரிந்தது. என் பிறந்த வீடு தமிழ்நாட்டுக்குப் போயிற்று, புகுந்த வீடு கேரளத்தில் நின்றது. அன்று என் கணவர் சாப்பிடவில்லை. எனக்கும் அழுகை வந்தது, மறைப்பானேன். ஆனால் வேலியோரத்துக் கல் இருந்த இடத்திலேயே இருந்தது, பூனை இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தது.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது யார் சொன்னதையோ கேட்டுக் கோபத்தோடு வந்து நின்றால், "அவிய சொன்னது எந்தக் கறி?" என்றுதான் முதலில் கேட்போம், அப்படிக் கேட்ட பிறகு பாதிச் சண்டைக்கு அவசியமே இருப்பதில்லை, மீதியை ஒரு வாளி தண்ணீர் இறைத்துவிட்டு வந்து யோசித்துக்கொள்ளலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.