சியாமளா சுருதி இறக்கிய ஞாயிறு

புணேயின் வாகட்டில் பதினோராவது மாடியில் குடியிருக்கும் சியாமளா டீச்சர் வாரத்தில் ஐந்து நாள் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். மற்ற இரண்டு நாளும் ஜாஸ் பாடுவாள். இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள், மீதிப் பேருக்கு ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாது. கீழ்த் தளத்து மாமி ஒருத்தி லிஃப்டில் வைத்து, "ஜாஸ்னா கூடவே ஆடவும் ஆடணுமோடி?" என்று கேட்டுவிட்டாள். "ஆடறவா ஆடலாம் மாமி, நான் நின்ன எடத்துலயேதான் பாடுவேன்" என்றாள் சியாமளா. மாமிக்கு ஏமாற்றம்தான்.

அவள் புருஷன் பட்டாபிராமன் ராணுவக் கணக்கு அலுவலகம் ஒன்றில் அதிகாரி. ஐம்பத்து நாலு வயது. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்து, கர்நாடக சங்கீதத்தில் ஊறிய மனுஷன். பாட வராது. ஆனால் கேட்கத் தெரியும் என்பதில் அவருக்கு இருக்கிற கர்வம் இருக்கிறதே, அது பாடுகிறவர்களுக்குக்கூடக் கிடையாது. கச்சேரியில் பாடகி வாயைத் திறந்த மறுநிமிஷமே "அஞ்சு கட்டை" என்றோ "நாலரை" என்றோ பக்கத்து நாற்காலிக்காரரிடம் அறிவித்துவிடுவார். கட்டை என்பது ஒருவர் தன் குரலுக்கென்று வைத்துக்கொள்கிற சுருதியின் உயரம். ஒரு பாடகிக்கு ஒரு கட்டை, ஆயுசுக்கும் அதுதான் கணக்கு. வயசான காலத்தில் யாராவது அதைக் குறைத்துக்கொண்டால் போச்சு, "கட்டை எறங்கிடுத்து, இனிமே அவ்வளவுதான்" என்று சபா கேன்டீனில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பட்டாபிராமனே பஜ்ஜியைக் கடித்துக்கொண்டு எத்தனையோ பேருக்கு அந்தத் தீர்ப்பை எழுதியிருக்கிறார்.

அப்பேர்ப்பட்டவரை வாயடைக்க வைத்தவள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஸ்டாஃப் ரூமில் விடைத்தாள் திருத்திக்கொண்டே அவள் முனகியதைப் பள்ளிக்கூடத்து மியூசிக் மாஸ்டர் ஜெயந்த் கேட்டுவிட்டார். மராத்திக்காரர், பியானோ வாசிப்பவர், வாரக் கடைசியில் ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்து வருபவர். கையோடு அவளைப் பியானோ பக்கத்தில் நிறுத்தி ஒரு ஆங்கிலப் பாட்டைக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து, கோரேகாவ் பார்க் பகுதியில் முப்பது பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன ரெஸ்டாரன்டில் சியாமளா முதல்முறை பாடினாள். பட்டாபிராமன் மூலை மேஜையில் ஒரு ஃப்ரெஷ் லைம் சோடாவை வைத்துக்கொண்டு, மனைவி அவமானப்பட்டுவிடக் கூடாதே என்று ஆஞ்சநேயரை வேண்டிக்கொண்டிருந்தார்.

ஆஞ்சநேயருக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு சரணம் சொற்களோடு பாடினாள். அப்புறம் சொல்லை விட்டுவிட்டுக் குரலை மட்டும் அவிழ்த்துவிட்டாள். அது எங்கெங்கோ போயிற்று. டிரம்ஸ் வாசிக்கிற கேஷவ் அதன் பின்னாலேயே ஓடினான். அவள் புருவத்தை லேசாக உயர்த்தினாள், வாசிக்கிற நாலு பேரும் ஒரே மூச்சில் நிறுத்தினார்கள். அவள் மட்டும் தனியாக ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டாபிராமனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷமாகக் கூடக் குடித்தனம் பண்ணுகிறோம், காலையில் ரசத்துக்குப் புளி போதுமா என்று கேட்டவள் இவள்தானா என்று அவருக்கு நிஜமாகவே சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த வாரமும் அதே பாட்டைப் பாடினாள். ஆனால் அது வேறு பாட்டாக இருந்தது. காரில் திரும்பும்போது, "போன வாரம் அந்த எடத்துல மேல போனியே, இன்னிக்கு ஏன் போகலை?" என்று கேட்டார். "இன்னிக்கு அங்க போகத் தோணலைன்னா" என்றாள். அந்த நேரத்துக்குத் தோன்றியபடி பாடுகிற மனோதர்மம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாததா என்ன. இருந்தாலும் மறுநாள் காலை அவள் பால் காய்ச்சுகிறபோது சமையலறை வாசலில் நின்று சும்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவர்தான் சாரதி. சனிக்கிழமை மத்தியானம் அவள் பாடம் தயார் செய்துவிட்டு, கைத்தறிப் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரம் நிற்க வேண்டுமே என்று அடியில் கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொள்வாள். தொண்டைக்கு ஆகாதென்று சனி ஞாயிறு தயிர் கிடையாது. ஃப்ளாஸ்க்கில் சீரகத் தண்ணீர். எல்லா இடமும் கோரேகாவ் பார்க் மாதிரி இருக்குமா? சில ஹோட்டல்களில் ஒருத்தரும் காதுகொடுக்கமாட்டார்கள், தட்டும் கரண்டியும்தான் பக்கவாத்தியம். கல்யாண வரவேற்பில் யாராவது நடுவில் வந்து இந்திப் பாட்டு கேட்பார்கள். அவள் முகம் சுளிக்காமல் அதையும் பாடி, அதற்குள்ளேயே தன் ஜாஸைக் கொஞ்சம் ஒளித்துவைத்துவிடுவாள். ஒரு தடவை ஒரு பரிமாறுகிறவர் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார், சூப் ஆறிப்போயிற்று. அன்றைக்குக் கேட்ட ஒரே ரசிகர் அவர்தான் என்று சியாமளா ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தாள்.

இந்த வருஷம் சித்திரையில் அந்தக் குரலில் கீறல் விழுந்தது.

மேலே போகிற இடங்களில் நூல் அறுந்தாற்போல் குரல் அறுந்தது. முதலில் ஜலதோஷம் என்றார்கள். டாக்டரம்மா விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, கட்டி ஒன்றும் இல்லை, மாதவிடாய் நிற்கிற வயதில் சிலருக்குக் குரல் தடித்துக் கீழே இறங்கும், மேலே இழுத்துப் பிடித்துக் கஷ்டப்படுத்தாதீர்கள் என்று சொன்னார். இழுத்துப் பிடிக்காதே என்று தமிழில் சொன்னாலும் மராத்தியில் சொன்னாலும் ஒரே அர்த்தம்தானே? பட்டாபிராமன் காதில்தான் அது ஏறவில்லை.

"நாலு மாசம் சாதகம் பண்ணினா சரியாப் போயிடும். என்ன ஆனாலும் சுருதியை மட்டும் எறக்கிடாதே சியாமளா. எறக்கினவா யாரும் திரும்பி ஏறினதே இல்லை" என்றார்.

ஜாஸில் பாட்டுக்குப் பாட்டு சுருதி வேறு. ஆனால் ஒரு பாட்டுக்கு ஜெயந்த் முதல் நாள் எந்தச் சுருதியை வைத்தாரோ அது சியாமளாவுக்குக் கல்வெட்டு. அவளும் ஸ்ரீரங்கத்துக்காரிதானே. விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து, பழைய உயரத்திலேயே நின்று தொண்டையைத் தேய்த்தாள். பட்டாபிராமன் கூடவே எழுந்து மிளகுப் பால் போட்டுக்கொடுத்தார். பிரியத்தில் செய்ததுதான், யார் இல்லை என்றது? ஆனால் ஆடி பிறக்கிறபோது அவளுக்கு வகுப்பில் பேசுகிற குரலே கரகரத்துப் போயிருந்தது. பிள்ளைகள் கடைசி பெஞ்சிலிருந்து, "மிஸ், கேக்கலை" என்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்டு முடித்ததும், "இந்த ஞாயித்துக்கிழமையோட நிறுத்திக்கறேன்னா" என்றாள். குரலில் அழுகை இல்லை. "ஜெயந்த் கிட்ட இன்னும் சொல்லலை. பாடி முடிச்சுட்டுச் சொல்லிக்கறேன். அறுந்து அறுந்து பாடறதுக்குப் பாடாமலே இருக்கலாம்."

பட்டாபிராமன் ராத்திரி முழுக்க மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் நிகழ்ச்சி, கடக்வாஸ்லா அணைக்கு எதிரே தகரக் கூரை போட்ட ஒரு ரெஸ்டாரன்டில். மழைக்காலத்தில் புணே ஊரே அங்கேதான் இருக்கும். சாலை முழுக்க பைக்குகள், சுட்ட மக்காச்சோளம், காந்தா பஜி என்கிற வெங்காய பஜ்ஜி வாசனை. உள்ளே எழுபது எண்பது பேர், குழந்தை குட்டிகளோடு. சியாமளா மைக் முன்னால் நின்று புன்னகைத்தாள். முதல் பாட்டைத் தந்திரமாக ஒப்பேற்றிவிட்டாள். இரண்டாவது பாட்டில் ஒரு ஏற்றம் உண்டு. அதற்கு நாலு வரி முன்னாலேயே அவள் கழுத்து நரம்பு புடைப்பதைப் பட்டாபிராமன் பார்த்துவிட்டார். ஏறினாள். அறுந்தது. இருமுவது போல் சமாளித்தாள். பஜி தின்கிற கூட்டம் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அவருக்கோ, நான்தானே இவளை இந்த மரத்தில் ஏற்றிவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றிவிட்டது.

இடைவேளையில் சியாமளா ஃப்ளாஸ்க்கோடு ஏரியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். பட்டாபிராமன் நேராக ஜெயந்திடம் போனார். இவருடைய இந்தி அலுவலக இந்தி. அதை வைத்துக்கொண்டே விஷயத்தைப் போட்டு உடைத்தார். அவள் சுருதி இறங்கிவிட்டது, நான்தான் இறக்காதே என்று பிடிவாதம் பிடித்தேன், இன்றைக்கு முடிந்ததும் பாட்டையே விடப்போகிறாள் என்று துக்கம் சொல்ல வந்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

ஜெயந்த் கையில் பாதி பஜி. "கித்னா நீச்சே?" என்றார். எவ்வளவு கீழே என்று கேட்கிறார், அவ்வளவுதான்.

பட்டாபிராமனுக்குப் புரியவில்லை. "ஒரு... மூணு ஸ்வரஸ்தானம் இருக்கலாம்" என்று அரைகுறையாகச் சொன்னார்.

"பஸ்? இத்னா ஹி?" இவ்வளவுதானா என்றபடி ஜெயந்த் தன் ஃபைலைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பாட்டின் மேலேயும் பென்சிலில் நாலைந்து சுருதி எழுதி அடித்து எழுதியிருந்தது. "இது வெள்ளிக்கிழமை பாடற பொண்ணுக்கு. ஜலதோஷம்னா கீழ, நல்லா தூங்கியிருந்தா மேல. இது என்கூடப் பாடற ஒரு கிழவருக்கு, வருஷத்துக்கு ஒரு படி எறங்கிண்டே இருக்கார், கூட்டம் ஏறிண்டே இருக்கு" என்று இந்தியில் சொன்னார். "மேடம் கிட்ட முதல் வருஷம் ஒவ்வொரு தடவையும் கேட்டேன். அதேதான், அதேதான்னாங்க. சரி, அவங்களுக்கு அதுதான் பிடிச்சிருக்குன்னு கேக்கறதை விட்டுட்டேன். குரலுக்குத் தகுந்த மாதிரி பியானோவை நகத்தறதுக்குத்தானே பட்டாபி சாப் நான் உக்காந்திருக்கேன்?"

பட்டாபிராமன் அந்தப் பென்சில் எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷமாக அவர் மரணச் செய்தியாகச் சொல்லிக்கொண்டு திரிந்தது இங்கே ஒரு ரப்பரால் அழித்து எழுதுகிற சமாசாரமாக இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. சந்தோஷமும் வந்தது, அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இடைவேளை முடிந்தது. பட்டாபிராமன் மூலைக்குப் போகவில்லை. முதல் வரிசையில், யாரோ ஒரு குடும்பத்தின் மேஜையில் இடம் கேட்டு உட்கார்ந்துகொண்டார். மழை வலுத்துத் தகரத்தில் இறங்கியது. ஜெயந்த் பியானோவில் கை வைக்காமல், "மேடம், ஆஜ் கௌன்ஸா கீ?" என்றார். இன்றைக்கு எந்தச் சுருதி.

சியாமளா வழக்கமானதைச் சொல்லப் போனவள், புருஷனைப் பார்த்தாள். அவர் உள்ளங்கையைக் கவிழ்த்து, மெல்லக் கீழே இறக்கினார்.

அவள் நெற்றி சுருங்கியது. ஜெயந்த் ஒரு படி இறக்கி முதல் நாதத்தை வாசித்துக் காட்டினார். பட்டாபிராமன் கை இன்னும் இறங்கியது. இன்னொரு படி. கை மேஜைக்குச் சற்று மேலே நின்றது. மேஜையில் இருந்த குடும்பம் இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தது. மூன்றாவது நாதம் ஒலித்தபோது அவர் கை மேஜையில் படிந்துவிட்டது. கண்ணாலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவளுக்குப் புரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் ஏரிப் பக்கம் திரும்பி நின்றாள். கேஷவ் குச்சியைத் தூக்கியவன் அப்படியே காத்திருந்தான்.

திரும்பிப் பாடினாள்.

அந்தக் குரலை என்னவென்று சொல்வது? பன்னிரண்டு வருஷம் அவள் பாடிக் கேட்டவருக்கே அப்படி ஒரு குரல் அவளுக்குள் இருப்பது தெரியாது. கனமான குரல். நல்லெண்ணெய் மாதிரி அடர்த்தியாக, அவசரமே இல்லாமல் வந்தது. கீழே போகப் போக அதற்கு இடம் விரிந்துகொண்டே போயிற்று. போனவன் திரும்பி வருவானா என்று கேட்கிற பாட்டுதான், நூறு தடவை கேட்டதுதான். இத்தனை நாள் அவள் அதை ஏக்கமாகப் பாடிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவன் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று பாடினாள். மக்காச்சோளம் கடித்துக்கொண்டிருந்த குழந்தை கடிப்பதை நிறுத்திவிட்டது. பின் மேஜைகளில் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. சமையலறையிலிருந்து இரண்டு பேர் ஏப்ரனோடு வந்து வாசலில் நின்றார்கள். இதிலும் ஒரு ஏற்றம் வந்தது. பட்டாபிராமன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவள் அதில் ஏறினதாகவே தெரியவில்லை, வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகிற மாதிரி போய்விட்டாள். அங்கேயே நின்றாள். இஷ்டப்பட்ட வரைக்கும் நின்றாள்.

பட்டாபிராமன் அழுதுகொண்டிருந்தார். துடைத்துக்கொள்ளவும் இல்லை. பக்கத்து மேஜைக்காரம்மா டிஷ்யூ நீட்டி, "ஆப் கீ மிஸஸ்?" என்று கேட்டாள். உங்கள் மனைவியா? அவர் தலையை ஆட்டினார். அதைச் சொல்லிக்கொள்ளத் தனக்கு என்ன யோக்யதை இருக்கிறது என்றும் தோன்றியது.

கைதட்டல் ஓய்ந்தது. அடுத்த பாட்டுக்கு ஜெயந்த் தாளைப் புரட்டினார். பட்டாபிராமன் தயாராகக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டார். சியாமளா அவர் பக்கம் பார்க்கவே இல்லை. பியானோவின் மேல் சாய்ந்து, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "அவுர் தோடா நீச்சே, ஜெயந்த்" என்றாள். இன்னும் கொஞ்சம் கீழே.